ஒரு மதிப்பெண்ணுக்குள் அடங்காத மேயர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரமில்லாத நேரத்தில் படியுங்கள்.

போட்டித் தேர்வுக்கான பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு கேள்வி இருக்கும். அமெரிக்காவின் முதல் பெண் மேயர் யார்? விடை: சுசான்னா சால்ட்டர். ஊர் ஆர்கோனியா, மாநிலம் கேன்சஸ், ஆண்டு 1887. ஒரு மதிப்பெண். பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

இணையத்தில் இதே செய்தி வேறு வேஷத்தில் சுற்றுகிறது. "கேலிக்காகத் தேர்தலில் நிறுத்தப்பட்ட பெண், ஜெயித்து மேயராகிவிட்டார்!" என்று ஒரு படத்தோடு வரும். நாமும் ஒரு கைதட்டல் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இரண்டுமே பொய் இல்லை. ஆனால் இரண்டிலும் முக்கியமான பகுதி விடுபட்டுப் போகிறது என்பது என் கருத்து. ஒன்று அவரை வெறும் பெயராக்குகிறது. இன்னொன்று அவரை லாட்டரியில் பரிசு விழுந்தவராக்குகிறது. நடந்தது என்ன என்று வரிசையாகச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

சுசான்னா பிறந்தது 1860 மார்ச் 2. ஒஹையோ மாநிலத்தில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாழ்ந்த பகுதியில். அப்பா பெயர் ஆலிவர் கின்சி. சுசான்னாவுக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் கேன்சஸ் மாநிலத்துக்குப் பெயர்ந்து, சில்வர் லேக் என்ற ஊருக்கு அருகே 80 ஏக்கர் நிலத்தில் விவசாயம் செய்தது. பெண் படிப்பில் கெட்டி. 1878-இல் மன்ஹாட்டன் நகரில் இருந்த மாநில வேளாண் கல்லூரியில் சேர்ந்தபோது, பள்ளியிலேயே படித்துவைத்திருந்த பாடங்களைக் கணக்கில் எடுத்து, முதலாண்டைத் தாண்டி நேராக இரண்டாம் ஆண்டிலேயே சேர்த்துக்கொண்டார்கள். பட்டம் வாங்க ஆறு வாரம் இருக்கும்போது உடல்நிலை கெட்டு, படிப்பை விடவேண்டியதாயிற்று.

அதே கல்லூரியில் அறிமுகமானவர் லூயிஸ் சால்ட்டர். அவருடைய அப்பா அந்த மாநிலத்தின் துணை ஆளுநராக இருந்தவர். 1880-இல் இருவருக்கும் கல்யாணம். 1882-இல் ஆர்கோனியாவுக்குக் குடிவந்தார்கள். விச்சிட்டா நகருக்குத் தென்மேற்கே இருக்கும் சின்ன ஊர் அது. 500 பேர் கூடக் கிடையாது. நம் கண்ணுக்கு அது கிராமம். ஆனால் அங்கே சட்டப்படி நகரமாகப் பதிவு செய்துகொண்டால், மேயரும் ஐந்து கவுன்சிலர்களும் வந்துவிடுவார்கள். ஆர்கோனியா 1885-இல் அப்படிப் பதிவானது. முதல் மேயர் யார் தெரியுமா? சுசான்னாவின் அப்பா ஆலிவர் கின்சி. நகர எழுத்தர் யார்? கணவர் லூயிஸ்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். "வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த இல்லத்தரசி ஒரே நாளில் மேயரானார்" என்று சொல்கிறார்களே, அந்த வீட்டில் நகர நிர்வாகம் சாப்பாட்டு மேசையில் பேசப்பட்ட விஷயமாகத்தான் இருந்திருக்கும். கல்லூரி வாசலைத் தொட்டுவந்தவர். அதற்கு மேல், ஊரின் பெண்கள் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கத்தில் பொறுப்பாளர்.

அந்தச் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1874-இல் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பரவிய அமைப்பு அது. 1879 முதல் அதன் தலைவர் ஃபிரான்சஸ் வில்லார்ட். குடித்துவிட்டு வரும் புருஷனிடம் அடிவாங்கி, கூலிப்பணம் சாராயக்கடையில் கரைந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அது ஒரு மேடை. கூட்டம் கூட்டுவது, தீர்மானம் போடுவது, கணக்கு எழுதுவது, நான்கு பேர் முன்னால் எழுந்து பேசுவது எல்லாம் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள். கேன்சஸ் மாநிலத்தில் 1881 முதல் மதுவிலக்குச் சட்டமே அமலில் இருந்தது. ஆனால் சட்டம் காகிதத்தில் இருந்தால் போதுமா? ஊரில் அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் மேயரும் கவுன்சிலர்களும். ஆகவே உள்ளூர் தேர்தலில் யார் ஜெயிக்கிறார்கள் என்பது குடிப்பவர்களுக்கும் முக்கியம், குடியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கும் முக்கியம்.

இந்தச் சமயத்தில்தான், 1887-இல், கேன்சஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நகரத் தேர்தல்களில் பெண்களும் ஓட்டுப் போடலாம். மாநிலத் தேர்தலில் கிடையாது, ஜனாதிபதி தேர்தலில் கிடையாது. ஊர்த் தேர்தலில் மட்டும். சட்டம் வந்து சில வாரங்களிலேயே, ஏப்ரல் 4-ஆம் தேதி ஆர்கோனியாவில் தேர்தல்.

மதுவிலக்குச் சங்கத்துப் பெண்கள் கூட்டம் போட்டு, தங்களுக்குப் பிடித்த வேட்பாளர்களின் பட்டியலை முடிவு செய்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் ஓட்டுரிமையைத்தான் கையில் எடுத்தார்கள், பதவியைக் கேட்கவில்லை. அதுவே சில ஆண்களுக்குப் பொறுக்கவில்லை. சுமார் இருபது பேர் ரகசியமாகக் கூடி ஒரு திட்டம் போட்டார்கள்.

அந்தத் திட்டம் புரியவேண்டுமானால் அன்றைய ஓட்டுச்சீட்டு முறை தெரியவேண்டும். இன்று போல அரசாங்கம் ஒரே சீட்டை அச்சடித்து, அதில் எல்லா வேட்பாளர் பெயரும் போட்டுத் தரும் வழக்கம் அப்போது அங்கே இல்லை. 1888-க்குப் பிறகுதான் அந்த முறை அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமாகப் பரவியது. அதற்கு முன்னால் ஒவ்வொரு கோஷ்டியும் தன் பட்டியலைத் தானே அச்சடித்துக் கொண்டுவரும். வாக்காளர் தனக்கு வேண்டிய சீட்டை வாங்கிப் பெட்டியில் போடுவார். வேட்பாளர் மனுத்தாக்கல் செய்யவேண்டிய கட்டாயமும் இல்லை. யார் பெயரையும் யாரும் அச்சடிக்கலாம், சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமலே.

அந்த இருபது பேர் செய்தது இதுதான். சங்கத்துப் பெண்களின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மேயர் இடத்தில் இருந்த ஆணின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, சுசான்னா சால்ட்டர் என்று போட்டு அச்சடித்தார்கள். ஏன் சுசான்னா? சங்கத்துப் பொறுப்பாளர்களில் நகர எல்லைக்குள் குடியிருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லைக்கு வெளியே இருந்ததால் போட்டியிடத் தகுதி இல்லை. கணக்கு என்னவென்றால், சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஓட்டுப் போடுவார்கள், ஊர் சிரிக்கும், இனி எந்தப் பெண்ணும் அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள்.

இந்தக் கணக்கை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆரம்ப, நடுநிலை வகுப்புகளில் பாடம் நடத்தியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். வகுப்புத் தலைவர் யார் என்று கேட்டால், வாயே திறக்காத ஒரு பிள்ளையின் பெயரைப் பின் பெஞ்சிலிருந்து ஒருவன் சத்தமாகச் சொல்வான். மரியாதைக்காகச் சொல்வதில்லை. வகுப்பு குபீரென்று சிரிக்கும். அந்தப் பிள்ளை குனிந்துகொள்ளும். பெயரைச் சொன்னவனுக்குக் கிடைக்கும் வெற்றி முழுக்க மற்றவர்களின் சிரிப்பில்தான் இருக்கிறது. நான்கு பிள்ளைகள் சிரிக்காமல், "ஆமா சார், அவளே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டால், கேலி செய்தவன் முகத்தைப் பார்க்கவேண்டும்! ஆனால் அப்படிச் சொல்ல நான்கு பேர் வேண்டும். ஒருத்தர் தைரியம் போதாது.

ஆர்கோனியாவில் அந்த நான்கு பேர் இருந்தார்கள்.

தேர்தல் அன்று காலையில் ஓட்டுப் போடப் போனவர்கள் சீட்டைப் பார்த்து அசந்துபோனார்கள். உள்ளூர் குடியரசுக் கட்சித் தலைவர் சும்மா இருக்கவில்லை. ஒரு குழுவை சுசான்னாவின் வீட்டுக்கு அனுப்பினார். அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, தேர்ந்தெடுக்கப்பட்டால் பதவி ஏற்பீர்களா என்று கேட்டார்கள். சரி என்றார். அப்படியானால் உங்களை ஜெயிக்கவைத்து அந்த ஆட்களுக்குப் பாடம் புகட்டுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சங்கத்துப் பெண்களும் தாங்கள் முடிவு செய்திருந்த மேயர் வேட்பாளரைக் கைவிட்டு, மொத்தமாக சுசான்னாவுக்கே ஓட்டுப் போட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு அவருக்கு விழுந்தது.

கணவர் லூயிஸ் ஓட்டுச்சாவடியில் மனைவி பெயரைப் பார்த்துக் கோபப்பட்டார் என்பதும் பதிவாகியிருக்கிறது. பிறகு, மேயரின் கணவர் என்று ஊர் அவரைக் கிண்டல் செய்ததை அவரே ரசிக்கப் பழகிக்கொண்டாராம்.

அப்போது சுசான்னாவுக்கு வயது 27. நான்கு குழந்தைகளின் தாய்.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த "சரி" என்ற ஒரு சொல். அவமானப்படுத்தத்தான் தன் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. கைகளில் சோப்பு நுரை. யோசிக்க ஒரு நாள் அவகாசம் கிடையாது, ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருக்கிறது. "எனக்கு எதுக்குங்க இதெல்லாம்" என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த இருபது பேர் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

ஆனால் அந்த "சரி" மட்டும் போதுமாக இருந்ததா? இங்கேதான் நான் கைதட்டல் பதிவுகளோடு வேறுபடுகிறேன். சில வாரங்களுக்கு முன்னால் அந்தச் சட்டம் வராமல் இருந்திருந்தால், அவருக்காக ஓட்டுப் போட ஒரு பெண் கூட வரிசையில் நின்றிருக்கமுடியாது. நான்கு வருடமாகக் கூடிக்கூடிப் பேசிப் பழகிய சங்கம் ஊரில் இல்லாமல் இருந்தால், ஒரே பகலில் அத்தனை பெண்களும் முடிவை மாற்றி ஒரே பெயருக்கு ஓட்டுப் போட்டிருக்கமாட்டார்கள். கேலியைப் பார்த்துச் சிரிக்காமல் அதைத் திருப்பி அடித்த ஆண்களும் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் பெண்ணுரிமைப் போராளிகள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த இருபது பேரின் சின்னத்தனத்தைப் பார்த்து எரிச்சல் அடைந்தவர்களாகவும் இருக்கலாம். இருக்கட்டுமே. நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காக வரவேண்டும் என்று ஏதாவது விதி இருக்கிறதா?

அடுத்து அவருடைய ஒரு வருட ஆட்சி. செய்தி உலகமெங்கும் போனது. ஸ்வீடனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கூடப் பத்திரிகைகளில் வந்தது. நியூயார்க் சன் பத்திரிகை, நகர மன்றக் கூட்டத்தைப் பார்க்க ஒரு நிருபரையே அனுப்பியது. அவர் மேயரின் உடையையும் தொப்பியையும் வர்ணித்து எழுதினார். ஆண் மேயரின் தொப்பியைப் பற்றி யாராவது எழுதுவார்களா? ஆனாலும் அந்த மனிதர் ஒன்றை நேர்மையாகப் பதிவு செய்தார். கூட்டத்தை அவர் கண்ணியமாக நடத்தினார், பேச்சு விஷயத்தை விட்டு விலகியபோதெல்லாம் நிறுத்தி வழிக்குக் கொண்டுவந்தார் என்றார். கூட்டம் நடத்தியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று!

முதல் கூட்டத்தில் அவர் கவுன்சிலர்களிடம், நீங்கள் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், நான் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவள் மட்டுமே, என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்ற பொருளில் பேசினார். சிலர் இதைப் பலவீனம் என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அது சாமர்த்தியமாகத் தெரிகிறது. ஐந்து கவுன்சிலர்களும் ஆண்கள். அதிகாரத்தைக் காட்ட ஆரம்பித்தால் முதல் நாளே முட்டிக்கொள்ளும். அவரவர் பொறுப்பை அவரவர் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

மற்றபடி அந்த வருடம் ஆர்கோனியாவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஊர் எப்போதும் போல ஓடியது. பெண் மேயரானால் ஊர் குட்டிச்சுவராகிவிடும் என்று சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்ன இருக்கமுடியும்? பதவியில் இருந்தபோதே ஒரு குழந்தை பிறந்து, கைக்குழந்தையாகவே இறந்தும் போனது. அந்தத் துக்கத்தோடும் வருடத்தை முடித்தார். சம்பளம் எவ்வளவு தெரியுமா? வருடம் முழுவதற்கும் ஒரு டாலர்.

மாநிலப் பெண்கள் ஓட்டுரிமைச் சங்கத்தின் மாநாட்டுக்கு அவரை அழைத்தார்கள். அங்கே பெண்கள் ஓட்டுரிமை இயக்கத்தின் பெருந்தலைவர் சூசன் பி. ஆந்தனி அவர் தோளில் தட்டி, நீயும் மற்றப் பெண்களைப் போலத்தானே இருக்கிறாய் என்றாராம். சிரிக்கவைக்கிற பேச்சுதான். ஆனால் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது பாருங்கள். மேயராவதற்குக் கொம்பு முளைத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு வருடம் முடிந்ததும், மறுபடி நிற்க விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு எந்தப் பதவிக்கும் போகவில்லை. "அப்படியானால் என்ன சாதித்தார்?" என்று கேட்பவர்கள் உண்டு. அடுத்த வருடமே, 1888-இல், அதே கேன்சஸ் மாநிலத்தின் ஆஸ்கலூசா என்ற ஊரில் மேயரும் பெண், ஐந்து கவுன்சிலர்களும் பெண்கள். மேயர் பெயர் மேரி லோமன். ஆர்கோனியாவைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று அடித்துச் சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆனால் ஒரு ஊரில் நடந்துவிட்ட காரியத்தை, அடுத்த ஊரில் நடக்கவே நடக்காது என்று யாராலும் சொல்லமுடியாது.

இனி, பொது அறிவுப் புத்தகமும் இணையப் பதிவும் சொல்லாமல் விடுகிற பகுதிக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான்.

1893-இல் செரோக்கி பழங்குடியினரின் பகுதியாக இருந்து அரசாங்கம் வாங்கிக்கொண்ட பெரிய நிலப்பரப்பு, தெற்கே ஒக்லஹோமாவில் குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. சால்ட்டர் குடும்பமும் அங்கே போனது. ஆல்வா என்ற ஊருக்குப் பக்கத்தில் விவசாயம். பிறகு அகஸ்டா என்ற ஊர். அங்கே லூயிஸ் வக்கீலாகத் தொழில் செய்தார், ஒரு பத்திரிகையும் நடத்தினார். அதன்பின் கார்மன் என்ற ஊர். இந்தப் பயணத்தில் சுசான்னா மாநில எல்லையைத் தாண்டிய நாளில் ஒன்று நடந்தது. அவர் ஓட்டுரிமையை இழந்தார்.

ஆமாம். ஒக்லஹோமாவில் அப்போது பெண்கள் பள்ளி நிர்வாகத் தேர்தலில் மட்டும்தான் ஓட்டுப் போடலாம். நகரத் தேர்தலில் முடியாது. நாட்டின் முதல் பெண் மேயர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதிய பெண்மணி, தான் குடியிருக்கும் ஊரின் மேயர் தேர்தலில் ஓட்டுப் போட முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை. ஒக்லஹோமாவில் பெண்களுக்கு முழு ஓட்டுரிமை வந்தது 1918-இல். இருபத்தைந்து வருடம்! நாடு முழுவதற்குமான அரசியல் சட்டத் திருத்தம் 1920-இல் வந்தது. அவர் முதன்முதலாக ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போடும் வாய்ப்பு பெற்றபோது வயது 60. கணவர் 1916-லேயே காலமாகிவிட்டார்.

அவர் விட்டுவந்த கேன்சஸிலும் நிலைமை அப்படியே முன்னேறிவிடவில்லை. முழு ஓட்டுரிமைக்காக 1867-இல் வாக்கெடுப்பு நடத்தித் தோற்றார்கள். 1894-இல் மறுபடி நடத்தித் தோற்றார்கள். 1912-இல்தான் ஜெயித்தார்கள். ஆர்கோனியாவின் வெற்றிக்கும் இதற்கும் இடையில் கால் நூற்றாண்டு.

"முதல் பெண்" என்ற பட்டத்தை நாம் கொண்டாடும் விதத்தில் எனக்கு உள்ள வருத்தம் இதுதான். ஒருவர் முதல் ஆளாக உள்ளே போய்விட்டால் கதவு திறந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் திறமைசாலி, தைரியசாலி, அதனால் போனார் என்று முடித்துவிடுகிறோம். சுசான்னாவின் திறமை ஆர்கோனியாவில் இருந்த அளவுதான் ஆல்வாவிலும் இருந்தது. படிப்பு அதேதான், அனுபவம் கூடுதல். இல்லாமல் போனது சட்டம் ஒன்றுதான். அது இல்லாத இடத்தில் அவருடைய பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு ஓட்டுக்கூடப் போட முடியவில்லை.

ஆகவே தனி மனிதரின் பெருமையைச் சொல்லும்போது, அவருக்கு முன்னால் சட்டமன்றத்தின் படியேறி மனுக் கொடுத்தவர்களையும், பக்கத்தில் நின்று ஓட்டுப் போட்டவர்களையும், அவருக்குப் பின்னால் 1894-இல் தோற்ற பிறகும் 1912 வரை விடாமல் நடந்தவர்களையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர்களில் பெரும்பாலானோரின் பெயர் எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் வராது. வேலை என்னவோ அவர்களுடையதுதான் அதிகம்.

சுசான்னா நீண்ட நாள் வாழ்ந்தார். கணவர் போனபிறகு, இளைய பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்காக நார்மன் நகருக்குக் குடிபோனார். தன் படிப்பு ஆறு வாரத்தில் நின்றுபோன வருத்தம் அந்த முடிவில் இருந்திருக்குமோ என்று ஒரு ஆசிரியராக எனக்குத் தோன்றுகிறது. 1933-இல் ஆர்கோனியாவின் பொது சதுக்கத்தில் அவர் நினைவாக வெண்கலப் பலகை வைத்தார்கள். 1961 மார்ச் 17-இல், 101 வயது நிறைந்து இரண்டு வாரத்தில் காலமானார். கணவருக்குப் பக்கத்தில், ஆர்கோனியாவில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். 1971-இல் அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலிலும் அது சேர்ந்தது. சீட்டு அச்சடித்த அந்த இருபது பேரின் பெயர் யாருக்குமே நினைவில் இல்லை.

ஆசிரிய நண்பர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார்செய்யும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "முதல் பெண் யார்" என்று கேட்டுப் பதில் வாங்கியபின் இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். அவர் உள்ளே போக எந்தச் சட்டம் வழிவிட்டது? அன்று அவர் பக்கம் யார் நின்றார்கள்? இரண்டாவது பெண் வர எத்தனை வருடம் ஆனது? இந்த மூன்றுக்கும் தேர்வில் மதிப்பெண் கிடையாது. பிள்ளைகள் ஓட்டுப் போடும் வயதுக்கு வரும்போது உதவும்.

உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். பெயர் சொல்லித் திட்டாமல் எழுதினால் நிச்சயம் பதில் போடுவேன்.